இல்லையெனில்

அரவேணுவுக்குக் கீழே, தேயிலைத் தொழிற்சாலை மாடியில்
என் மேசை.
கீழே பச்சை இலை வாடும் தொட்டிகள்;
அவற்றின் விசிறிகள் ஓடும்போது
என் தேநீரில் வட்ட வட்டமாய் நடுக்கம்.

பதினோரு எடைக் கொட்டகைகள், பதினோரு தராசுகள்.
இலை லாரியில் வரும்.
எடை செய்தியாக வரும், இலைக்கு முன்பே.
அதற்குப் பாதை போடுவது என் வேலை.

'இங்கிருந்து' என்று ஒரு வரி.
'இங்கே' என்று ஒரு வரி.
நடுவில் எத்தனை திருப்பம் வேண்டுமோ அத்தனை.
ஜாவாவில் எழுதிய இலவசக் கருவி,
ஒட்டகத்தின் பெயர் அதற்கு.
"இந்தக் குளிருல ஒட்டகமா?" என்றார் மேலாளர்.
அதோடு கேட்பதை விட்டுவிட்டார்.

எழுதினேன்:
தராசு வரிசையிலிருந்து எடு.
உறுப்பினர் எண் ஆயிரத்துக்குக் கீழ் என்றால்
கட்டபெட்டுப் பேரேட்டுக்கு.
ஆயிரமும் மேலும் என்றால் கீழ்க்கோத்தகிரிப் பேரேட்டுக்கு.
ஒரு நகல் வங்கிக்கு, ஒரு நகல் கைபேசிக்கு.
கோபுரம் பனிக்குள் படுத்துக்கொண்டால்
ஐந்து நொடி பொறு, மறுபடி அனுப்பு, மூன்று தரம்.
ஒரே எடை இரண்டு முறை வந்தால் ஒன்றைத் தள்ளு
(ஜூலை மழையில் ஒருவர் கணக்கில்
ஒரே நாளில் நானூறு கிலோ ஏறிவிட,
எங்களுக்கெல்லாம் வர்க்கி வாங்கி வந்தார்).
இல்லையெனில்
செத்த கடிதப் பெட்டிக்கு.

அந்தக் கடைசி வரியை
வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதினேன்.

கார்த்திகையில் வட்டு நிரம்புவதாக எச்சரிக்கை.
பெட்டியைத் திறந்தேன்.
கெட்ட தேதிகள், பாதியில் அறுந்த வாக்கியங்கள்,
யாரோ விளையாட்டாய்த் தராசில் ஏறி நின்ற
ஐம்பத்தெட்டுக் கிலோ.
நடுநடுவே ஏழாம் கொட்டகையிலிருந்து
நாற்பத்தேழு செய்திகள்.
எல்லாம் மாலை ஐந்து ஐம்பதை ஒட்டி,
அன்றன்றைக்குக் கடைசி எடை.
11.4. 9.8. 12.
உறுப்பினர் எண் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு மேற்கோள் குறிகள்,
உள்ளே ஒன்றுமில்லை.

அழைத்தேன். பெள்ளி எடுத்தார்.
"அது ரங்கி" என்றார், தெரியாதா என்பது போல.
"சோலை ஓரத்துல அரை ஏக்கர். பட்டா இல்ல.
பட்டா இல்லாம கார்டு இல்ல.
எடை போடாம வாங்கினா திருட்டு.
அதான் நம்பர விட்டுட்டுப் பச்சைப் பட்டன அமுக்கினேன்.
மெஷின் ஒண்ணும் சொல்லலியே."

"காசு?"

"மேல இருந்து வரும்னு சொல்லி வச்சிருக்கேன்."

மேலே என்றால் இந்த மாடி.

இலை வந்து சேர்ந்திருக்கிறது.
வாடி, சுருண்டு, கறுத்து,
மூட்டையாகிக் குன்னூர் ஏலத்துக்குப் போய்விட்டது.
யாரோ குடித்தே முடித்திருப்பார்கள்.
கூட்டிப் பார்த்தேன்:
ஐந்நூற்றுப் பதினாறு கிலோ முந்நூறு கிராம்.

அன்றிரவு 'இல்லையெனி'லுக்கு முன்னால் ஒரு கிளை செருகினேன்.
கொட்டகை ஏழு என்றால், எண் வெறுமை என்றால்,
இங்கே...
அங்கே விரல் நின்றது.
வங்கிக் கணக்கு இல்லை. கைபேசி இல்லை.
எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.
முனை இல்லாத பாதையைக் கருவி ஏற்காது,
தொடங்கும்போதே சிவப்பில் கத்தும்.

இந்தக் கட்டடத்தில் வேறென்ன முகவரிகள் என்று தேடினேன்.
மேலாளர் அறை அச்சுப்பொறிக்கு ஒன்று இருந்தது.

திங்கள். ஐந்து ஐம்பத்திரண்டு.
ஜன்னலுக்கு வெளியே லாரியின் முகப்பு விளக்கு மட்டும்,
லாரி இல்லை, அவ்வளவு பனி.
12.1 வந்தது. எண் இல்லை.
ஒரு கணம் தயங்கியதாகத் தோன்றியது எனக்கு
(கருவிகள் தயங்குவதில்லை).
சுவருக்கு அந்தப் பக்கம்
காகிதம் இழுபடும் சத்தம்.

மப்ளரைச் சுற்றியபடி வந்தார் மேலாளர்,
கையில் ஒரே வரி அச்சான தாள்.
"யாரோட பிரிண்ட் இது?"

"ரங்கியோடது" என்றேன்.
"நாளைக்கும் வரும்."